இளவரசிக்கும் ஒரு வரவு வேண்டும்: பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்களுக்கு

இளவரசிக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடச் சொல்லி இதை எழுதவில்லை. பிடுங்கவும் முடியாது. மட்டக்களப்பு நகரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் புத்தகப் பை, தண்ணீர்ப் போத்தல், பென்சில் பெட்டி, செருப்பு என்று எல்லாவற்றிலும் கிரீடம் வைத்த பெண்பிள்ளை ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான்கு வயதுப் பிள்ளை அந்தக் கிரீடத்துக்கு ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. கிரீடம் என்றால் ஆட்சி. அதைத் தலையில் வைத்தவள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கதை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறதே, அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியன். கன்னன்குடாவில் பிறந்து, கலியாணத்தின் பின் முனைக்காட்டுக்கு வந்தவன். இளமையில், எங்கள் பக்கத்துக் கூத்துப் பாணிகளில் ஒன்றான வடமோடிக் கூத்துகளில் பெண் வேடம் கட்டினேன். திரௌபதையாக விடியும்வரை களரியில், அதாவது கூத்து ஆடும் இடத்தில், நின்றிருக்கிறேன். அப்படி நின்றவனுக்கு, ஒரு கதைக்குள் அரசிக்கு எவ்வளவு வேலை தரப்பட்டிருக்கிறது என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். இப்போது மகளின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, ஆறு வயதுப் பேத்திக்கும் ஒன்பது வயதுப் பேரனுக்கும் இரவில் கதை சொல்கிறேன். அயல் வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்திக்கொள்வார்கள். அங்கே எனக்குக் கைகொடுத்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள்

புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். இளவரசி தானாகச் செய்யும் செயல் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். மற்றவர்கள் அவளுக்குச் செய்வதை வட்டமிடுங்கள். கடைகளில் கிடைக்கும் மெல்லிய படக் கதைப் புத்தகங்களில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: அழுதாள், பெருக்கினாள், காத்திருந்தாள், தூங்கினாள் என்பவற்றின் கீழ் கோடு. கண்டான், தேடினான், தூக்கினான், மணந்தான் என்பவற்றைச் சுற்றி வட்டம். பக்கம் முழுவதும் வட்டமாக இருந்தால் அந்தக் கதையில் அந்தப் பெண் ஒரு சாமான். அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், எந்த இடத்தில் அவள் கையில் ஒரு வேலையைக் கொடுக்கலாம் என்று அப்போதே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கெட்டவள் யார் என்றும் பாருங்கள். அவளுக்கு என்ன வயது, எப்படி இருக்கிறாள், யாரோடு வாழ்கிறாள்? கூன் விழுந்த, பல் விழுந்த, தனித்து வாழும் கிழவி என்றால் கெட்டவள் என்று கதை பழக்குகிறது. எங்கள் ஊர்களில் போருக்குப் பின் தனித்துப்போன மூதாட்டிகள் எத்தனை பேர்! அவர்களின் வேலிக்கருகே போகப் பயப்படும் பிள்ளையை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

மாற்றலாமா என்று தயங்க வேண்டாம்

"பழைய கதையை நாம் மாற்றலாமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. தாராளமாக மாற்றலாம். அச்சில் வந்த நாளிலிருந்தே இவை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்ணாடிச் செருப்புப் போட்ட சின்ட்ரெல்லாவை 1697இல் பிரான்சில் சார்ள்ஸ் பெரோ எழுதினார். ஜேர்மனியில் கிரிம் சகோதரர்கள் பின்னர் திருத்திப் பதிப்பித்த கதையில் வண்டியாகும் பூசணிக்காயும் இல்லை, தேவதையும் இல்லை. அங்கே அவள் தாயின் புதைகுழியில் தானே ஒரு கிளையை நட்டு வளர்க்கிறாள். விருந்துக்குப் போக வழி தேடி அந்த மரத்திடம் போய்க் கேட்கிறாள். இளவரசன் பின்தொடரும்போது புறாக்கூட்டுக்குள் புகுந்து மறைந்து தப்பிக்கிறாள். நம் கைக்கு வந்த படப் புத்தகத்தில் இதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெண்பனி இளவரசியைத் துரத்திய பொறாமைக்கார அரசி, கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதற்பதிப்பில் அவளைப் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அந்தக் கதையில் இளவரசி முத்தத்தால் எழுவதும் இல்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் கால் தடுக்கியதில் தொண்டையில் சிக்கிய அப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழுந்துவிடுகிறாள். முத்தம், 1937இல் வந்த டிஸ்னி நிறுவனத்தின் படத்தால் பரவியது. தவளை இளவரசனின் கதையிலும் கிரிம் சகோதரர்களின் பதிப்பில் முத்தம் கிடையாது. தன் படுக்கையில் ஏறக் கேட்டுத் தொல்லைப்படுத்திய தவளையை இளவரசி சுவரில் வீசி அடிக்கிறாள், அப்போதுதான் அது இளவரசனாகிறது. பதிப்பாளர்களும் படக்காரர்களும் தத்தம் காலத்துக்கு ஏற்ப மாற்றியபோது யாரும் நம்மைக் கேட்கவில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு.

ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றையே ஒரு கதையாகச் சொல்லுங்கள். ஒரே கதை மூன்று விதமாக இருந்தது என்று கேட்டதும் என் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படியென்றால் நானும் ஒன்று எழுதலாமா அம்மப்பா?" என்றான். கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா எங்கே?"

எந்தக் கதைக்கும் பொருந்தும் ஒரேயொரு கேள்வியைத்தான் நான் சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்வேன். சின்ட்ரெல்லாவின் அப்பா உயிரோடுதான் இருக்கிறார். பெரோவின் கதையிலும் இருக்கிறார், கிரிம் சகோதரர்களின் கதையிலும் இருக்கிறார். மகள் சாம்பலில் படுத்துறங்கும்போது அவர் அதே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறார். வெண்பனியின் அப்பா ஓர் அரசர். மறுமணம் செய்தார் என்ற வரியோடு அவர் காணாமல் போய்விடுகிறார். தன் மகளைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொல்லச் சொன்னது அவருக்கு எட்டவே இல்லையா? கதை அவரைக் கேட்பதில்லை. கோபம் முழுவதையும் அந்த இரண்டாம் மனைவியின் தலையில் கட்டிவிடுகிறது.

எங்கள் பிரதேசத்தில் இது வெறும் கதை விடயம் அல்ல. 1990களின் கொலைகளும் காணாமல் போதல்களும், 2004 டிசெம்பர் 26இல் வந்த சுனாமியும் எத்தனையோ வீடுகளில் தாயையோ தகப்பனையோ எடுத்துக்கொண்டுவிட்டன. அலுவலகப் படிவங்கள் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று குறிக்கும் வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்க, அம்மம்மாவோடோ சின்னம்மாவோடோ வளரும் பிள்ளைகள் உண்டு. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்து, வந்த பெண் அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, பிட்டு அவித்துப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை வகுப்பில் சின்ட்ரெல்லா கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணை எந்தக் கண்ணோடு பார்க்கும்? பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அவளை என்ன சொல்லிக் கேலி செய்வார்கள்?

ஆகவே வகுப்பிலோ வீட்டிலோ இந்தக் கதையைச் சொல்லும்போது நான் மாற்றாந்தாய் என்ற சொல்லை எடுப்பதே இல்லை. "அந்த வீட்டில் ஒரு கொடுமைக்கார அம்மா இருந்தார்" என்று சொல்வேன். பிறகு நிறுத்திக் கேட்பேன்: "அப்பா அப்போது எங்கே இருந்தார்?" ஆறு வயதுப் பிள்ளைகள்கூட இதற்கு அருமையாகப் பதில் சொல்வார்கள். வயலுக்குப் போயிருந்தார் என்றது ஒன்று. அவருக்கும் அந்த அம்மாவைப் பயம் என்றது இன்னொன்று. "அவர் பார்த்தார், ஆனால் பார்க்காத மாதிரி இருந்தார்" என்றாள் ஒரு சிறுமி. அந்தப் பதிலுக்குப் பிறகு நான் கதையைத் தொடரவில்லை. பார்த்தும் பார்க்காமல் இருக்கும் பெரியவர்களைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினோம். இப்படி ஒரு பதில் வந்தால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். கதையை நாளைக்கு முடிக்கலாம். பிள்ளை சொன்னது அதன் வீட்டைப் பற்றியது என்று தோன்றினால், மற்றப் பிள்ளைகள் போன பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கூட்டத்தில் துருவிக் கேட்க வேண்டாம்.

கதை சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். அம்மா கேட்பதைவிட அப்பாவின் வாயிலிருந்து வரும்போது அது பிள்ளையின் மனதில் ஆழமாக இறங்குகிறது.

தூங்குகிறவளும் ஒளித்து வைத்த கதிரும்

தூங்கும் அழகியின் கதையில் எல்லாரும் முத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். தூங்குகிற ஒருவரைக் கேட்காமல் தொடுவது சரியில்லை என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், "நீ தூங்கும்போது யாராவது வந்து உன்னை முத்தமிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாலே போதும். பெரோவின் கதையில் நூறு ஆண்டுகள் முடிந்த வேளையில் இளவரசன் வந்து மண்டியிடுகிறான், அவள் கண் விழிக்கிறாள். அந்த முடிவையே நான் எடுத்துக்கொள்கிறேன். அவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் எழுந்து "யார் நீ?" என்று கேட்கிறாள். கதைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இந்தக் கதையின் நடுவில் கிடக்கிறது. மகள் நூல் நூற்கும் கதிரில் கை குத்தி விழுவாள் என்ற சாபத்தைக் கேட்ட அரசர், நாட்டிலிருந்த கதிர்கள் எல்லாவற்றையும் எரிக்கக் கட்டளையிடுகிறார். மகளுக்கு மட்டும் ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. பதினைந்து வயதில் கோபுரத்தின் மேலே ஒரு கிழவி நூற்பதைக் கண்டதும், "இது என்ன?" என்று கேட்டுக் கையை நீட்டுகிறாள். அவளை விழுத்தியது அந்த அறியாமைதான்.

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்க்கும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை இல்லை. அங்கே போகாதே, அதைத் தொடாதே, பொழுதுபட்டால் வெளியே நிற்காதே என்கிறோம். ஏன் என்று சொல்வதில்லை. ஆண்பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குகிறோம், வாவியில் நீந்தப் பழக்குகிறோம். பெண்பிள்ளையைக் கரையில் இருத்திவிடுகிறோம். சுனாமியின்போது நீந்தத் தெரியாமல் போன பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் நாளில் பிள்ளையிடம் கேளுங்கள்: "அரசர் கதிரை எரித்ததற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்கலாம்?" பேத்தி சொன்னாள்: "கையில் குத்தாமல் நூற்கச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்." கதிர் என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியவில்லையா? மருதமுனைப் பக்கம் போகும் நாளில் ஒரு கைத்தறிக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், நூல் சுற்றுவதையும் தறி ஓடுவதையும் காட்டுங்கள். அந்த வேலையில் இருக்கும் பெண்களிடம் பிள்ளையையே கேள்வி கேட்க விடுங்கள்.

வெள்ளை நிறமும் விற்ற குரலும்

பனியைப் போல வெள்ளை என்ற வரியை வாசிக்காதீர்கள். அவ்வளவுதான். வயல் வெயிலில் வளர்ந்த நம் பிள்ளையைக் "கறுப்பி" என்று கூப்பிட அயலில் நாலு பேர் இருக்கிறார்கள், முகம் வெளுக்கும் களிம்புக்குத் தொலைக்காட்சி விளம்பரம் இருக்கிறது. கதை சொல்லும் நாமும் சேர்ந்துகொள்ள வேண்டாம். பாரதக் கதை தன் நாயகியைக் கரிய நிறத்தவள் என்றே சொல்கிறது. கிருஷ்ணை என்பது திரௌபதையின் இன்னொரு பெயர். கறுப்பான இளவரசியின் படம் கிடைக்காவிட்டால் பிள்ளையை வரையச் சொல்லுங்கள். கபில நிறப் பென்சில் முதலில் தேய வேண்டும்.

கடற்கன்னியின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் மீன் பாடும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வாவிக்கரையில் இருந்துகொண்டு, ஓர் ஆணைக் காண்பதற்காகக் குரலை விற்றுக் கால் வாங்கிய பெண்ணின் கதையை எப்படிச் சும்மா சொல்லிவிட்டுப் போவது? 1837இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் எழுதிய கதையில் அவள் நாக்கையே வெட்டிக் கொடுக்கிறாள். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கத்தியில் நடப்பது போல வலிக்கிறது. கடைசியில் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். படங்களில் வரும் கலியாண முடிவு அவர் எழுதியது அல்ல. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான் அந்தப் பழைய முடிவையே சொல்கிறேன். சொல்லிவிட்டு, "குரல் இருந்திருந்தால் அவள் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்?" என்று கேட்டு எழுதச் செய்வேன். பெண்பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

வரவு கொடுக்கும் முறை

இது எனக்குக் கூத்து தந்தது. கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா வந்து நிற்பதில்லை. அரசனோ அரசியோ சேவகனோ, ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு உண்டு. தனக்குரிய தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு வட்டக்களரிக்குள் வந்து, தான் யார், எந்த நாடு, எதற்காக வந்திருக்கிறேன் என்று பாடிய பிறகுதான் கதை நகரும். திரௌபதையாக ஆடும்போது அந்த வரவில்தான் என் உடம்புக்குள் அரசி இறங்குவாள். படக் கதைப் புத்தகத்து இளவரசிக்கு இந்த வரவு இல்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வதே அவளுக்கு அறிமுகம்.

ஆகவே கதை தொடங்கும் முன் இளவரசியாக வரும் பிள்ளையை எழுப்பி ஒரு வரவு கொடுங்கள். மத்தளம் இல்லாவிட்டால் வாளியைத் தட்டலாம். பிள்ளை சுற்றி வந்து நின்று மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்: தன் பெயர், தனக்குத் தெரிந்த வேலை, இன்றைக்குத் தனக்கு வேண்டியது. நிறம், முடி, உடுப்பு பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. இந்தத் தடையைக் கேட்டதும் முதலில் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். இளவரசியைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று விழிப்பார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பேத்தியின் சின்ட்ரெல்லா வந்து நின்று சொன்னாள்: "என் பெயர் சின்ட்ரெல்லா. எனக்கு அடுப்பு மூட்டத் தெரியும், எலிகளோடு பேசத் தெரியும். இன்றைக்கு எனக்கு ஆட வேண்டும்." அவளுக்கு இளவரசன் வேண்டியிருக்கவில்லை. ஆட்டம்தான் வேண்டியிருந்தது. அன்று கதை தானாகவே வேறு பாதையில் போயிற்று. பன்னிரண்டு மணி அடித்தும் அவள் ஆடி முடிக்கவில்லை. பூசணிக்காய் வண்டி போனால் போகட்டும், நடந்து போகிறேன் என்றாள்.

தூங்கும் அழகியாக வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை, "இன்றைக்கு எனக்குத் தூங்க விருப்பம் இல்லை" என்று வரவிலேயே சொல்லிவிட்டாள். சரி, தூங்க வேண்டாம் என்றோம். அரண்மனையில் மற்ற எல்லாரும் தூங்கிப்போக, எல்லாரையும் எழுப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது.

ஆண்பிள்ளைகள் இளவரசி வேடத்துக்கு வர மாட்டோம் என்பார்கள். வற்புறுத்த வேண்டாம். ஆனால் நம் கூத்து மரபைச் சொல்லுங்கள். மீசை முளைத்த, ஏர் பிடித்த ஆண்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் திரௌபதையாகவும் சீதையாகவும் சீலை கட்டி ஆடினார்கள். ஊர் அவர்களை மதித்தது. வடமோடி அரசன் உடுத்தும் கரப்புடுப்பு, பிரம்பு வளையம் வைத்து விரிந்து நிற்கும் பாவாடை போன்றது. அதை உடுத்துக்கொண்டுதான் வீமன் போருக்குப் போகிறான். அபிமன்யு இறந்தபோது அருச்சுனன் களரி நடுவில் நின்று வாய்விட்டுப் புலம்புகிறான். வீரன் அழக் கூடாது என்று எங்கள் கூத்து சொன்னதே இல்லை. இதைக் கேட்ட பிறகு என் பேரன் சீலைத் துண்டைத் தானே எடுத்து இடுப்பில் சுற்றினான். அவன் சூனியக்காரியாகத்தான் வந்தான். அதுவும் நல்லதுதான்.

நம் பக்கத்து இளவரசிகள்

வெளிநாட்டுக் கதையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நம் கதை எல்லாம் தூய்மை என்று நினைத்துவிடக் கூடாது. மதுரையை ஆண்ட அல்லி அரசாணியை எடுத்துக்கொள்ளுங்கள். படை நடத்தியவள், ஆணுக்கு அடங்க மறுத்தவள். அவளை அருச்சுனன் எப்படி மணந்தான்? பாம்பாக உருமாறி உள்ளே புகுந்து, தூங்கும்போது தாலி கட்டினான். தூங்கும் அழகிக்குக் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் ஆடப்படும் அனுருத்திர நாடகத்தின் கதையில் இது தலைகீழாக வருகிறது. உஷை கனவில் கண்டவனை அவளுடைய தோழி சித்திரலேகை படம் வரைந்து கண்டுபிடித்து, தூங்கும் நிலையிலேயே கட்டிலோடு தூக்கி வந்துவிடுகிறாள். ஆணைக் கேட்காமல் தூக்கி வந்தது மட்டும் சரியா என்று கேட்டால், பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். பெண்ணின் பக்கம் நிற்கச் சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல், கேட்டுத் தொடுவது எல்லாருக்கும் பொது என்பதையும் அந்தச் சண்டையில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

சொல்லத் தகுந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சபையில் இழுத்துவரப்பட்ட திரௌபதை முதலில் கேட்டது ஒரு சட்டக் கேள்வி: தன்னைத் தோற்றுவிட்டவருக்குப் பிறகு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பெரியவர்கள் நிறைந்த அந்தச் சபையில் ஒருவராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. பாண்டிருப்பில் அவளுக்குக் கோயில் இருக்கிறது, தீ மிதிக்கிறார்கள். பிள்ளையைத் தீமிதிப்புக்குக் கூட்டிப்போகும் முன் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். வைகாசியில் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது, அவள் கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைப் பாடுவார்கள். அரசன் பிழை செய்தான் என்று அரசன் முகத்துக்கு நேரே நிறுவியவளின் கதை அது. கோவலன் வீட்டை விட்டுப் போயிருந்த காலத்தில் அவள் பொறுமையாகக் காத்திருந்த பகுதியை நான் நீட்டிச் சொல்வதில்லை. சிலம்பை உடைத்த இடத்தில்தான் நிற்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தவள் உலகநாச்சி. கலிங்கத்திலிருந்து வந்து, அரசனிடம் பொன்னைக் கேட்காமல் நிலத்தைக் கேட்டு வாங்கி, மண்முனையில் மாளிகை அமைத்துக் குடிகளை இருத்தி ஆண்டாள் என்று மட்டக்களப்பு மான்மியம் என்னும் வரலாற்று நூல் சொல்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடந்தோம். இப்போது பாலத்தில் பஸ் ஏறும்போது பேத்தி வெளியே பார்த்து, "இது உலகநாச்சியின் ஊர்தானே அம்மப்பா?" என்கிறாள். இளவரசி என்றால் பனி கொட்டும் தேசத்தில்தான் இருப்பாள் என்ற எண்ணம் அவளிடம் இல்லை.

கலியாணத்துக்குப் பிறகு எங்கே வாழ்ந்தார்கள்?

"இளவரசன் அவளைத் தன் அரண்மனைக்கு அழைத்துச் சென்றான்" என்று கதைகள் முடிகின்றன. எங்கள் பிள்ளைக்கு இது புதுமை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி எனப்படும் வம்சப் பிரிவு தாய்வழியே போகிறது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம். நானும் அப்படி வந்தவன்தான். ஆகவே முடிவில் கேளுங்கள்: "இரண்டு பேரும் எங்கே வாழ்ந்தார்கள்? யாருடைய வீட்டில்? அதை யார் முடிவு செய்தார்கள்?" கோபுர வீட்டில் அடைபட்ட ரபுன்செல், அதே கோபுரத்தைத் திருத்தி ஏணி வைத்துக் குடியிருந்தாள் என்றாள் ஒரு பிள்ளை.

இந்த வழக்கத்தைப் பெருமை பேசி மட்டும் விட்டுவிடாதீர்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும் என்று வெளிநாடு போய் உழைக்கும் தாய்மாரையும், கடன்பட்டு நிற்கும் குடும்பங்களையும், வீடு முடியாததால் தள்ளிப்போன கலியாணங்களையும் நாம் அறிவோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதையும் சொல்லலாம். இளவரசிக்குக் கலியாணமே வேண்டாம் என்று பிள்ளை முடித்தால் அந்த முடிவையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "அது எப்படி?" என்று சிரிக்கும் மாமிமாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை மறுத்தால்

மறுக்கும். "அப்படி இல்லை, புத்தகத்தில் இருப்பது போலச் சொல்லுங்கள்" என்று அழும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தெரிந்த கதை தெரிந்தபடியே வருவதுதான் நிம்மதி. அன்று புத்தகத்தில் உள்ளபடியே சொல்லுங்கள். ஒரேயோர் இடத்தில் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக்கு வேறோர் இடத்தில். ஒரே இரவில் எல்லாவற்றையும் திருத்தப் போனால் கதை பாடமாகிவிடும், பிள்ளை கைத்தொலைபேசியைத் தேடிப் போய்விடும். பாட்டும் ஆட்டமும் உள்ள படம் ஓடும்போது நடுவில் நிறுத்திப் பேசுவதும் வேண்டாம். முடிந்த பிறகு, சாப்பிடும்போது கேட்கலாம்.

ஆண்டு இறுதியில் முன்பள்ளிக் கலைவிழா வரும். பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் மினுங்கும் சட்டையும் இறகும் மாட்டி வரிசையாக நிறுத்துவார்கள். உடுப்பு வாடகைக்குப் பெற்றோர் அலைவார்கள். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே டீச்சரைப் போய்ச் சந்தித்துப் பேசுங்கள். குற்றம் சொல்லாமல், உதவிக்கு வந்தவர்களாகப் போங்கள். மேடைக்கு வரும் ஒவ்வோர் இளவரசிக்கும் சொல்வதற்கு ஒரு வசனம், செய்வதற்கு ஒரு வேலை தரும்படி கேளுங்கள். வசனம் எழுத நேரம் இல்லை என்றால், பிள்ளைகளையே கேட்டு எழுதித் தர முன்வாருங்கள். ஒலிவாங்கியைப் பிள்ளையின் வாய் உயரத்துக்கு இறக்கி வைக்கவும் அன்று யாராவது ஒருவர் மேடையருகில் நிற்க வேண்டும். அந்த வேலையை நீங்களே பொறுப்பெடுங்கள்.